இருட்டைத் தீட்டுதல்

நண்பகல் வெயிலிலிருந்து பிரான்சின் சார்த்ர் பேராலயத்துக்குள் நுழைகிறவருக்கு முதலில் எதுவும் புலப்படாது. கண் இருட்டுக்குப் பழகச் சில நிமிடங்கள் பிடிக்கும். பழகப் பழகத்தான் ஜன்னல்கள் எழுந்து வரும். முதலில் நீலம். பிறகு அதற்குள் சிறு சிறு சிவப்புகள். அவையெல்லாம் சேர்ந்து ஒரு கையாகவோ, மண்டியிட்ட ஓர் உருவமாகவோ, ரொட்டி விற்கும் ஒருவனாகவோ திரள்வது அதற்கும் பிறகு. 1194ஆம் ஆண்டுத் தீயில் பழைய கோயிலின் பெரும்பகுதி அழிந்தபின் எழுந்த கட்டடம் இது. ஜன்னல்களில் பெரும்பாலானவை 13ஆம் நூற்றாண்டின் முதல் நாற்பது ஆண்டுகளில் செய்யப்பட்டவை. தீக்குத் தப்பிய சிலவற்றுள் ஒன்று, சுமார் 1180ஐச் சேர்ந்த நீல ஆடை மரியன்னை. அந்த நீலத்தைப் பற்றி எழுதாத கலை வரலாற்றாசிரியர் குறைவு.

அந்த நீலத்தை நீர்வண்ணத்தில் ஒரு தாளுக்குக் கொண்டுவர நினைப்பவர் முதலில் சந்திப்பது ஒரு கணக்கை. நல்ல வெள்ளைத் தாள் தன்மேல் விழும் ஒளியில் எண்பது, தொண்ணூறு சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். நாம் பூசக்கூடிய மிகக் கரிய நீர்வண்ணமும், காய்ந்த பிறகு, நான்கைந்து சதவீதத்தைத் திருப்பிவிடும். ஆக, ஒரு தாளில் நமக்குக் கிடைக்கும் மிக வெளிச்சமான இடத்துக்கும் மிக இருண்ட இடத்துக்கும் இடையில் ஏறத்தாழ இருபது மடங்குதான் வித்தியாசம். பேராலயத்துக்குள் நிழல் மூடிய சுவருக்கும் சூரியனைப் பார்த்திருக்கும் ஒரு வெளிர் கண்ணாடித் துண்டுக்கும் உள்ள வித்தியாசம் நூற்றுக்கணக்கான மடங்கு, சில வேளைகளில் அதற்கும் மேல். எந்த நிறுவனத்தின் எவ்வளவு விலையுயர்ந்த வண்ணத்தை வாங்கினாலும் இந்த இடைவெளி மூடாது. ஜன்னலின் ஒளியைத் தாளில் வைக்க முடியாது. வைக்க முடிவது, அந்த ஒளிக்கும் அதைச் சூழ்ந்த இருட்டுக்கும் உள்ள உறவை மட்டும். இந்தக் கலையில் நான் முக்கியமென்று நினைப்பதெல்லாம் இந்த உறவுக்குள் அடங்கியிருக்கிறது.

ஆனாலும் வண்ணம் தீட்டும் ஊடகங்களில் கண்ணாடிக்கு மிக நெருங்கிய உறவு நீர்வண்ணம்தான். எண்ணெய் வண்ணத்தில் வெளிச்சம் வேண்டுமென்றால் வெள்ளையை எடுத்துப் பூசுவார்கள். நீர்வண்ணத்தில் வெளிச்சம் ஏற்கெனவே தாளில் இருக்கிறது. அதைக் கெடுக்காமல் விடுவதுதான் வேலை. வண்ணம் ஒரு மெல்லிய, ஊடுருவும் படலமாகத் தாள்மேல் படிகிறது. ஒளி அதைக் கடந்து உள்ளே போய், தாளின் வெண்மையில் பட்டு, மீண்டும் அதே படலத்தைக் கடந்து வெளியே வருகிறது. கண்ணாடியில் ஒளி ஒருமுறை நிறத்தைக் கடக்கிறது, நீர்வண்ணத்தில் இருமுறை. இரண்டிலும் நிறம் என்பது ஒளியின் வழியில் நிற்கும் வடிகட்டி. வெள்ளைக்குத் தனியே பூச்சு எதுவும் தேவையில்லை என்பதும் இரண்டுக்கும் பொது. அதனால்தான் நிறக்கண்ணாடியைத் தீட்டும்போது சீன வெள்ளையைத் தொடுவதை நான் ஏற்பதில்லை. கடைசியில் ஒரு மினுக்கம் வேண்டுமே என்று வெள்ளையை ஒரு புள்ளி வைத்தால், அந்தப் புள்ளி ஜன்னலின் முன்னால் ஒட்டிய தாள்துண்டாகத்தான் தெரியும். ஒளி அதன் பின்னாலிருந்து வராது.

ஈரம் இருக்கும் வரை நீர்வண்ணம் கிட்டத்தட்டக் கண்ணாடியேதான். தூரிகை இப்போதுதான் விலகிய இடத்தில் தண்ணீர் தாளின் மேடுபள்ளங்களை நிரப்பி நிற்கிறது. மேற்பரப்பில் ஒளி சிதறுவது குறைகிறது. நிறம் ஆழமாக, உள்ளிருந்து எரிவதாகத் தெரிகிறது. காய்ந்ததும் அந்த ஆழம் வற்றிவிடுகிறது. நீர்வண்ணம் பழகும் எல்லோருக்கும் இந்த இழப்பு தெரியும். கண்ணாடியைத் தீட்டுகிறவருக்கு அது கூடுதலாக வலிக்கும், ஏனென்றால் சற்றுமுன்தான் அவர் கேட்டது அவருக்குக் கிடைத்திருந்தது. அரபிக் கோந்தைச் சில துளி கூடுதலாகக் கலப்பது இந்த இழப்பை ஓரளவு ஈடுசெய்யும். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நீர்வண்ணக்காரர்கள் தங்கள் நிழல்களின் ஆழத்துக்காகக் கோந்து சேர்த்தார்கள். அளவு மிஞ்சினால் படலம் பளபளத்து, நாளடைவில் வெடிக்கும். எனவே மிக இருண்ட, மிகச் செறிந்த கட்டங்களுக்கு மட்டும்.

இந்தப் பொருளைக் கற்பிக்கும் கையேடுகள் பெரும்பாலும் ஒரே வழியைச் சொல்கின்றன. கருப்பு மையில் கட்டங்கட்டமாகக் கோடு போடு. ஒவ்வொரு கட்டத்திலும் பளிச்சென்ற ஒரு நிறத்தை நிரப்பு. குழந்தைகளுக்கு இது நல்ல விளையாட்டு. ஆனால் இதிலிருந்து கண்ணாடி வருவதில்லை. காரணங்களை எண்ணிப் பார்த்திருக்கிறேன். எல்லாக் கோடும் ஒரே பருமனில் இருக்கிறது. எல்லா நிறமும் ஒரே உச்சத்தில் இருக்கிறது. ஒரு கட்டத்துக்குள் நிறம் எங்கும் ஒரே சீராகப் படிந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஜன்னலைச் சுற்றி வெள்ளைத் தாள் இருக்கிறது. ஜன்னலின் ஒளியைக் கொன்றுவிடுவது அந்த வெள்ளை ஓரம்தான். படத்தின் மிக வெளிச்சமான பொருள் ஜன்னலாக இருக்க வேண்டிய இடத்தில், ஜன்னலுக்கு வெளியே உள்ள வெறுந்தாள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அப்புறம் எந்தச் சிவப்பும் எரியாது.

கண்ணாடியின் உண்மையான இயல்பை நீர்வண்ணத்தின் வழியே அறிந்துகொண்ட ஒருவரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். சார்லஸ் வின்ஸ்டன், 1814 முதல் 1864 வரை வாழ்ந்த ஆங்கிலேயர். தொழிலில் வழக்கறிஞர். கலைப்பள்ளி எதிலும் வேலை பார்த்தவர் கிடையாது. 1847இல் பழைய கண்ணாடி ஓவியங்களின் பாணி வேறுபாடுகளைப் பற்றி அவர் வெளியிட்ட நூலின் முகப்பில் தன் பெயரைப் போடாமல், தொழில்முறை சாராத ஓர் ஆர்வலர் எழுதியது என்றே குறித்தார். ஓய்வு கிடைத்தபோதெல்லாம் இங்கிலாந்தின் கோயில்களுக்குப் போய், பழைய ஜன்னல்களைப் படியெடுத்து நீர்வண்ணத்தில் தீட்டினார். வண்ணப் புகைப்படம் இல்லாத காலம். ஒரு ஜன்னலைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் யாராவது அதைத் தீட்டியாக வேண்டும். அவர் இறந்த மறு ஆண்டு, 1865இல், லண்டனின் அருண்டேல் சங்கம் அந்தப் படங்களைக் காட்சிக்கு வைத்தது. இன்று அவற்றின் பெருந்தொகுப்பு பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

வின்ஸ்டனிடம் என்னைக் கவர்வது அவருடைய படங்களின் துல்லியத்தைவிட, அந்தத் துல்லியம் அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பது. பன்னிரண்டாம், பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கண்ணாடித் துண்டு ஒன்றை உண்மையாகத் தீட்ட வேண்டுமானால் அதற்குள் ஒரே நிறம் இல்லை என்பதைக் கவனித்தே தீர வேண்டும். ஓரிடத்தில் தடிப்பு, ஓரிடத்தில் மெலிவு, குமிழ்கள், ஊதும்போது இழுபட்ட வரிகள். ஒளி அதை நேராகத் துளைத்துக்கொண்டு வருவதில்லை. உள்ளே தங்கி, சிதறி, கண்ணாடியையே நிரப்பிக்கொண்டு வருகிறது. வின்ஸ்டனின் காலத்தில் செய்யப்பட்ட புதுக் கண்ணாடியோ மெல்லியது, சீரானது, சுத்தமானது. வெளியே நிற்கும் மரமும் வானமும் அதன் வழியே தெரிந்துவிடும். கோத்திக் மறுமலர்ச்சிக்காரர்கள் எவ்வளவு கவனமாகப் பழைய வடிவங்களைப் படியெடுத்தாலும் புது ஜன்னல்கள் ஏன் வெளிறிப்போய்க் கிடந்தன என்பதற்கு அவர் கண்ட விடை, கோளாறு வரைபடத்தில் இல்லை, பொருளில் இருக்கிறது என்பது. பழைய கண்ணாடித் துண்டுகளை மெட்லாக் என்ற வேதியியலாளரிடம் கொடுத்துப் பகுத்தாய்வு செய்யச் சொன்னார். அந்த முடிவுகளை வைத்து 1850களில் லண்டன் ஒயிட்ஃப்ரையர்ஸில் இருந்த ஜேம்ஸ் பவல் நிறுவனத்தின் உலையில் இடைக்காலக் கண்ணாடிக்கு நெருக்கமான கண்ணாடி காய்ச்சப்பட்டது. விக்டோரியா காலத்தின் பிற்பாதியில் வந்த நல்ல ஜன்னல்கள் பலவற்றுக்கு அந்த முயற்சிதான் பொருள் தந்தது. தூரிகையோடு ஒரு கட்டத்தின் முன் நெடுநேரம் உட்கார்ந்த மனிதர் கண்டதைத்தான் உலை பின்னர் செய்து காட்டியது.

வின்ஸ்டன் கண்ணாடி ஓவிய முறைகளை மூன்றாகப் பிரித்தார். நிறக்கண்ணாடித் துண்டுகளை ஈயத்தால் இணைப்பது ஒன்று. நிறமற்ற கண்ணாடியின் மேல் எனாமல் வண்ணம் தீட்டிச் சுடுவது மற்றொன்று. இரண்டும் கலந்தது மூன்றாவது. இரண்டாவது முறை தன் எல்லையைத் தொட்டு நிற்கும் இடம் ஒன்று ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கிறது: நியூ காலேஜ் தேவாலயத்தின் மேற்கு ஜன்னல். 1770களின் இறுதியிலும் 80களின் தொடக்கத்திலும் சர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் அதற்கான படங்களை எண்ணெய் வண்ணத்தில் தீட்டிக் கொடுத்தார். தாமஸ் ஜெர்வைஸ் அவற்றைக் கண்ணாடிக்கு மாற்றினார். ரெனால்ட்ஸ் அந்நாளின் முதன்மையான ஓவியர். ஜெர்வைஸும் கை தேர்ந்தவர். ஆனால் ஜன்னல் எழும்பவில்லை. ரெனால்ட்ஸுக்கே அது ஏமாற்றமாக இருந்தது. எண்ணெய் ஓவியத்தின் நிழல்களைக் கண்ணாடியில் கொண்டுவர, நிறமற்ற கண்ணாடியின்மேல் பழுப்புப் பூச்சை ஏற்றிக்கொண்டே போனார்கள். ஒளி வரும் வழியெல்லாம் பாதி அடைபட்டது. முழு இருட்டும் கிடைக்கவில்லை, முழு ஒளியும் கிடைக்கவில்லை. ஈயக் கோடுகளை அழகைக் கெடுக்கும் குறுக்கீடாக எண்ணி ஒளித்துவைத்த காலம் அது. நீர்வண்ணக்காரர்கள் இந்த ஜன்னலிலிருந்து கற்க நிறைய இருக்கிறது. பாதி இருட்டைப் படம் முழுக்கப் பரப்புவதைவிட, முழு இருட்டைக் குறுகிய இடத்தில் குவித்துவிட்டு மற்ற இடத்தை ஒளிக்கு விட்டுவிடுவது மேல்.

ஈயம் அதைத்தான் செய்கிறது. கண்ணாடித் துண்டுகளைப் பிடித்து நிறுத்துவது அதன் கடமை. ஆனால் ஒரு நிறம் பக்கத்து நிறத்தோடு கலந்துவிடாமல் இடையில் இருட்டை வைப்பதும் அதுதான். நோத்ர் தாமைப் புதுப்பித்த வியோலே-லெ-துக், தன் கட்டடக்கலை அகராதியில் நிறக்கண்ணாடிக்காக எழுதிய நீண்ட பகுதியில், நிறங்கள் எல்லாம் ஒரே அளவில் பரவுவதில்லை என்று கவனித்துச் சொன்னார். தூரத்திலிருந்து பார்க்கும்போது நீலம் தன் எல்லையைத் தாண்டி வழியும். பக்கத்துச் சிவப்பின்மேல் படிந்து அதை ஊதாவாக்கும். சிவப்பு அவ்வளவு வழிவதில்லை. இடைக்காலக் கைவினைஞர்கள் இதை அறிந்திருந்ததால்தான் நீலத்தை அடக்க அதன்மேல் கரிய கொடிவரிகளைத் தீட்டினார்கள், ஓரத்தில் வெண்முத்து வரிசைகளை வைத்தார்கள் என்பது அவர் விளக்கம். ஒளியியல் காரணங்களை அவர் சொன்ன விதத்தில் பின்னால் வந்தவர்கள் திருத்தங்கள் சொன்னதுண்டு. கண் காணும் விளைவு அப்படியே இருக்கிறது.

இதிலிருந்து தாளுக்கு என்ன வருகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வேலையின் உயிர் இங்கேதான். ஈயக் கோடு உண்மையில் ஒரே பருமன் கொண்டதாக இருந்தாலும் கண்ணுக்கு அப்படித் தெரிவதில்லை. வெளிர் மஞ்சளின் ஓரத்தில் அது நூலாக மெலிகிறது. ஒளி அதன் இருபுறத்தையும் தின்றுவிடுகிறது. அடர்ந்த சிவப்புக்கும் சிவப்புக்கும் நடுவே அதே கோடு தடித்துத் தெரிகிறது. நீலத்தின் ஓரத்தில் கோடே நீலம் பூசியதுபோல் ஆகிவிடுகிறது. ஆகவே கோட்டை மையால் இழுக்காமல், கடைசியில், தூரிகையால், ஒவ்வோர் ஓரத்தையும் பார்த்துப் பார்த்துத் தீட்ட வேண்டும். குழாயிலிருந்து வரும் கருப்பு இதற்கு ஆகாது. அது தாளில் ஓட்டை போட்டதுபோல் நிற்கும். அல்ட்ராமரீனும் எரித்த சியன்னாவும் கலந்த கருமை, ஓரிடத்தில் நீலத்துக்கும் ஓரிடத்தில் பழுப்புக்கும் சாய்ந்து, அக்கம்பக்கத்து நிறத்தோடு உறவு வைத்துக்கொள்ளும்.

கட்டங்களுக்குள் நிறத்தை வைக்கும்போது ஊடுருவும் நிறமிகளை மட்டுமே எடுப்பது என் வழக்கம். காட்மியம் சிவப்பு அழகான நிறம்தான், ஆனால் அது தாளை மூடிவிடும். குவினக்ரிடோன் வகைச் சிவப்புகளும் ஊதாக்களும் தாலோ நீலமும் பச்சையும் தாளை மூடாமல் அதற்கு நிறமேற்றுகின்றன. இவை இருபதாம் நூற்றாண்டு வேதியியல் தந்தவை, வின்ஸ்டனுக்குக் கிடைக்காதவை. ஒரு கட்டத்தில் முதலில் சுத்த நீரைப் பூசி, நீரின் ஈரத்திலேயே ஓர் ஓரத்தில் செறிவான நிறத்தை வைத்து, அது தானாக மறு ஓரத்துக்கு நகர்வதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். நடுவில் ஒரு துளி வேறு நீலம். இயற்கைக் காட்சி தீட்டுகிறவர்கள் தவிர்க்கப் பாடுபடும் வழிசல்களும் பூப்பூவாய் விரியும் கறைகளும் இங்கே நம் பக்கம். ஊதிய கண்ணாடியின் ஏற்றத்தாழ்வை அவை கைவேலையைவிட நன்றாகச் செய்கின்றன. ஒன்றையொன்று தொடும் இரு கட்டங்களை அடுத்தடுத்து ஈரமாக வைக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் தாள் காய மறுக்கும். அந்த மாதங்களில் சதுரங்கப் பலகையில் ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டம் தாண்டுவதுபோல் படத்தின் நாலா மூலைக்கும் போய்ப் போய் வர வேண்டியிருக்கும்.

நீலங்களைப் பற்றி ஒரு சொல். சார்த்ர் கண்ணாடிக்கு நீலம் தருவது கோபால்ட். நம் பெட்டியில் இருக்கும் கோபால்ட் நீலத்துக்கும் அதே உலோகம்தான் ஆதாரம். பிரெஞ்சு வேதியியலாளர் தெனார் 1802இல் அதைச் செய்து காட்டினார். அதற்கு முன்பு, குறிப்பாகப் பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில், ஐரோப்பிய ஓவியர்கள் ஸ்மால்ட் என்ற நீலத்தைப் பயன்படுத்தினார்கள். கோபால்ட் கண்ணாடியை இடித்து அரைத்த பொடி அது. கண்ணாடியே நிறமியாகியிருக்கிறது. மிக நைசாக அரைத்தால் நிறம் வெளுத்துவிடும், கொரகொரப்பாக விட்டால் பூச வராது. எண்ணெயில் காலப்போக்கில் சாம்பல் நிறமாகிவிடும். ஜன்னலில் எண்ணூறு ஆண்டுகள் நிற்கும் நீலம், அரைபட்டு எண்ணெயில் குழைந்ததும் தன்னைத் தற்காத்துக்கொள்ள முடியாமல் போயிற்று.

நேரமும் ஒரு நிறமி என்றே சொல்வேன். கிழக்கு ஜன்னலும் மேற்கு ஜன்னலும் ஒரே நாளில் ஒரே படமாக இருப்பதில்லை. மாலை மங்கும்போது கண்ணுக்குள்ளேயே ஒரு மாற்றம் நடக்கிறது. வெளிச்சம் குறையக் குறைய நம் பார்வை நீலத்தை அதிகமாகவும் சிவப்பைக் குறைவாகவும் உணரத் தொடங்கும் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் செக் உடலியலாளர் புர்க்கின்யே பதிவு செய்தார். ஜன்னல் முன்னால் இருட்டும் வரை உட்கார்ந்தால் இதைக் கண்ணால் காணலாம். சிவப்புகள் ஒவ்வொன்றாக அணைந்து கருப்பாகும். நீலங்கள் நெடுநேரம் நிற்கும். ஒரே ஜன்னலைக் காலையில் தீட்டிய தாளையும் மாலையில் தீட்டிய தாளையும் பக்கத்தில் வைத்தால் அவை இரண்டு வெவ்வேறு ஜன்னல்கள். எந்த நேரத்தைத் தீட்டுகிறோம் என்று முடிவு செய்யாமல் தூரிகையைத் தொட்டால் காலையின் சிவப்பும் மாலையின் நீலமும் ஒரே தாளில் சண்டை போடும்.

பழைய கைவினைஞர்களின் முறையைப் படித்தால் அவர்களுக்கும் நமக்கும் உள்ள தூரம் அவ்வளவு பெரிதில்லை என்று தோன்றுகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தியோஃபிலஸ் என்ற புனைபெயரில் எழுதிய துறவி, ஜன்னல் செய்யும் முறையை விரிவாகக் குறித்துவைத்திருக்கிறார். முதலில் ஒரு மரப்பலகையில் சுண்ணத்தைப் பூசி வெண்மையாக்க வேண்டும். அதன்மேல்தான் ஜன்னலின் முழு அளவு வரைபடம் போடப்படும். நிறக்கண்ணாடியை அந்த வெண்பலகையின்மேல் வைத்துத்தான் கோடு எடுப்பார்கள். அதாவது, ஜன்னல் சுவருக்குப் போகும் முன்பு, கைவினைஞனின் கண் அதன் நிறங்களை வெண்மையின் மேல் கிடக்கும் ஊடுருவும் படலமாகத்தான் முதலில் கண்டது. அரைத்த கண்ணாடியும் செம்புச் சாம்பலும் சேர்ந்த கரும்பூச்சைக் கண்ணாடியில் தடவி, சுடுவதற்கு முன் தூரிகைக் காம்பால் சுரண்டி எழுத்துகளையும் கொடிகளையும் வெளிக்கொண்டுவரச் சொல்கிறார். நீர்வண்ணக்காரர்களும் இருண்ட பூச்சு முக்கால்வாசி காய்ந்த நிலையில் தூரிகைக் காம்பாலோ நகத்தாலோ சுரண்டி ஒளியை மீட்கிறார்கள். ஆங்கில ஓவியர் டர்னர் அதற்காகவே கட்டைவிரல் நகத்தை வளர்த்துவைத்திருந்தார்.

கண்ணாடிப் பட்டறையிலிருந்து ஓவியத்துக்கு வந்தவர் ஜார்ஜ் ருவோ. 1871இல் பாரிஸில் பிறந்து, பதினான்கு வயதில் கண்ணாடி ஓவியரிடம் வேலைக்குச் சேர்ந்து, பழைய ஜன்னல்களைச் செப்பனிடும் பட்டறையில் இளமையைக் கழித்தவர். 1903ஐ ஒட்டிய ஆண்டுகளில் நீர்வண்ணத்திலும் குவாஷிலும் அவர் தாளில் தீட்டிய கோமாளிகளிலும் தெருப்பெண்களிலும் தடித்த கருங்கோடுகள் உடலைச் சுற்றி வளைக்கின்றன. எல்லோரும் இதை ஈயக் கோடு என்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஈயம் நிறத்துக்கு வெளியே நிற்பது. ருவோவின் கருமை உடலுக்குள்ளிருந்து கசிகிறது. அவர் பட்டறையில் கற்றது கோட்டைவிட ஆழமான ஒன்று: இருட்டைத் தாராளமாகக் கொடுத்தால் ஒரு சிறு நீலம்கூட முழுப் படத்தையும் தாங்கும் என்பது.

எதிர்த் திசையில் போனவர் மார்க் ஷகால். எழுபது வயதை ஒட்டிக் கண்ணாடிக்கு வந்தார். எருசலேமின் ஹதாஸா மருத்துவமனைத் தொழுகைக்கூடத்துக்கான பன்னிரண்டு ஜன்னல்கள் 1962இல் நிறுவப்பட்டன. அவற்றுக்கான முன்வரைவுகளை அவர் தாளில், மையிலும் நீர் சார்ந்த வண்ணங்களிலும், ஒட்டிய துணித்துண்டுகளோடும் செய்தார். அந்த ஈரமும் வழிதலும் கண்ணாடியில் வர வேண்டுமென்று கேட்டார். ரேம்ஸ் நகரப் பட்டறையின் சார்ல் மார்க் அதற்கு ஒரு வழி கண்டார். மேலே மெல்லிய நிறப்படலம் ஏறிய கண்ணாடியை அமிலத்தால் அரித்து, ஒரே துண்டுக்குள் இரண்டு மூன்று நிறங்களை, நடுவில் ஈயம் இல்லாமல், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நகரவைத்தார். ஷகால் பட்டறைக்குப் போய்க் கரும்பூச்சைத் தன் கையாலேயே தீட்டித் துடைத்தார். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் டூட்லி என்ற சிற்றூர்க் கோயிலில் அந்த உழைப்பின் பலனைக் காணலாம். 1963இல் படகு விபத்தில் மூழ்கி இறந்த சாரா என்ற இளம்பெண்ணின் நினைவாக அவள் பெற்றோர் கேட்டுக்கொண்ட கிழக்கு ஜன்னல் 1967இல் வைக்கப்பட்டது. பிறகு அக்கோயிலின் பன்னிரண்டு ஜன்னல்களும் ஷகாலுடையவை ஆயின. கடைசியாக வந்தவை 1985இல், அவர் இறந்த ஆண்டில். கிழக்கு ஜன்னலின் கீழ்ப்பகுதி முழுக்கத் தண்ணீர். நீலம் நீலத்துக்குள் வழிந்து, அதில் ஓர் உடல் மிதக்கிறது. கண்ணாடி அங்கே நீர்வண்ணமாக ஆகியிருக்கிறது; அந்தத் துயரத்துக்கு வேறெந்த முறையும் பொருந்தியிருக்காது என்று நினைக்கிறேன்.

இனி அந்தச் சார்த்ர் சுவர்கள். இந்த நூற்றாண்டில் அப்பேராலயத்தின் உட்புறத்தைச் சுத்தம் செய்தபோது, மெழுகுத்திரிப் புகைக்கும் தூசுக்கும் அடியில் பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பூச்சு வெளிப்பட்டது. வெளிர்காவி நிறம், அதன்மேல் கல் இணைப்புகளைக் காட்டும் வெள்ளைக் கோடுகள். புதுப்பித்தவர்கள் அதை மீட்டுக் கட்டடத்தின் பெரும்பகுதிக்கும் பரப்பினார்கள். இருண்ட சுவர்கள் வெளுத்தன. 2014 முதல் விமர்சகர்கள் சிலர் இதைக் கண்டித்துக் கடுமையாக எழுதினார்கள். வெளிர்ச் சுவர்கள் ஜன்னலின் ஒளியை விழுங்கிவிடுகின்றன என்பது அவர்கள் முறையீடு. சான்றுகள் புதுப்பித்தவர்கள் பக்கம் இருக்கின்றன. அந்தக் கோயிலைக் கட்டியவர்கள் கண்ட சுவர் வெளிர்ச் சுவர்தான், கருமை காலம் சேர்த்தது. அதை நான் ஏற்கிறேன். ஆனால் வின்ஸ்டன் காலத்திலிருந்து தூரிகையோடு போனவர்கள் எல்லோரும் கற்றது அந்தக் கருமையின் முன்னால் நின்றுதான். நிறக்கண்ணாடி என்று நம் மனத்தில் இருக்கும் படத்தில் பாதி அந்தப் புகையால் ஆனது. வெளுத்த சுவரின் முன்னால் இன்று உட்கார்ந்து தீட்டுகிறவர், பழைய படங்களைப் பார்த்துக் கருஞ்சுவரைப் போடக் கூடாது. சுவரிலிருந்து திரும்பும் அந்த மங்கலான ஒளியையும் அது கண்ணாடியின் செறிவைக் குறைக்கும் அளவையும் உள்ளபடி வைக்க வேண்டும். அது கடினமான படம். இன்னும் நன்றாக யாரும் தீட்டிக் காட்டவில்லை என்பது என் எண்ணம்.

இந்தக் கடைசிச் சிக்கல் நமக்கு அந்நியமானதில்லை. 1896இல் இன்றைய வடிவம் பெற்ற சென்னை சாந்தோம் பேராலயத்திலும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த புதுச்சேரி இருதய ஆண்டவர் பேராலயத்திலும் நிறக்கண்ணாடி ஜன்னல்கள் இருக்கின்றன. நம் ஊர்க் கோயில்களில் சுவர் வெளுப்பு, கதவுகள் திறந்திருக்கும், வெளி வெயில் தரையில் பட்டுக் கூரைக்கு ஏறும். சார்த்ரின் இருட்டை அங்கே தேடினால் கிடைக்காது. கைபேசிப் படத்திலும் கிடைக்காது, ஏனென்றால் கைபேசி ஜன்னலைக் காப்பாற்றச் சுவரைக் கருப்பாக்கிவிடும். நீர்வண்ணம் பழகும் நண்பர்களிடம் நான் கேட்பது இதுதான். படத்தைப் பார்த்து வீட்டில் தீட்டாமல், பூசை இல்லாத ஒரு காலையில் அனுமதி கேட்டுக்கொண்டு, சிறிய பலகையும் இரண்டு தூரிகையும் எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள். ஜன்னலை வெறுந்தாளாக விட்டுவிட்டு, சுற்றியிருக்கும் சுவரின் நிறத்தை முதலில் வையுங்கள். சுவர் சரியாக வரும் வரை கண்ணாடியைத் தொடாதீர்கள்.